ஓடும் காரில் அமுக்கக் கூடாத பொத்தான்

இராஜசிங்கம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று சொன்னால் அது பொய். உட்காருவார். உட்கார்ந்த கையோடு எழுந்துவிடுவார். ஈப்போ நகரத்துக் குனோங் ராபாட்டில் அந்தத் தொடர்வீட்டு வரிசையில் நாளிதழை நின்றுகொண்டே படிக்கும் மனிதர் அவர் ஒருவர்தான். தட்டில் இட்லி இருக்கும்போதே கை கார்ச் சாவியைத் தேடும். நில அளவைத் துறையில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் குணம் அரசாங்கத்துக்குப் பயன்பட்டது. பேராக் மாநிலத்தின் பாதி ரப்பர்த் தோட்டங்களையும் ஈயச் சுரங்கக் குட்டைகளையும் காலாலேயே அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றும் இல்லை, கால் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் காலுக்கு வேலை கொடுக்கத்தான் அந்தக் காரை வாங்கினார். ஈப்போவில் ஒரு சீனப் பல் மருத்துவர் வைத்திருந்த பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாக உடம்பு. பின்சீட்டு என்று ஒன்று உண்டு, பேருக்கு. முன்விளக்குகள் பகலில் உள்ளே படுத்துக் கிடக்கும், பொத்தானைத் தட்டினால் இரண்டும் எழுந்து கண்ணை முழித்துப் பார்க்கும். இராஜசிங்கத்தின் மனைவி தவமணி முதல் நாள் அதில் ஏறி உட்கார்ந்து, இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இதுல ஏறுறதுக்கு முன்னம் யோகா படிக்கோணும்." அவள் பேச்சில் யாழ்ப்பாணம் மூன்று தலைமுறை தாண்டியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

காரில் எல்லாம் பளபளவென்று இருந்தது, ஒன்றைத் தவிர. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர் செத்துப் போயிருந்தது. வேகத்தைக் காட்டும் முள் நன்றாகத்தான் ஆடியது. அதற்குக் கீழே சின்ன ஜன்னலுக்குள் வரிசையாக நிற்கும் எண்கள்தான் போன வருடத்திலிருந்து நகரவில்லை. வாழ்நாள் முழுக்கத் தூரத்தை அளந்து சாப்பிட்ட மனிதரின் காரில் தூரம் காட்டும் மீட்டர் ஓடவில்லை என்பதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவரும் அதைப் பழுது பார்க்கப் போகாமல் இல்லை. மெங்லெம்புவில் கேட்டார், பாசிர் பூத்தேயில் கேட்டார், பத்து காஜா வரைக்கும் போய்க் கேட்டார். பட்டறைக்காரர்கள் எல்லாருமே டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்கள். "பழைய மீட்டரா? சிலிபின்ல ஐயாவு இருக்காரு, அவருகிட்ட போங்க."

அங்கேதான் அவரால் போக முடியாது. ஐயாவு அவருடைய சம்பந்தி.

கதை இதுதான். இராஜசிங்கத்தின் ஒரே மகள் ரஜிதா, ஐயாவுவின் மகன் பவித்ரனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு நாள் வந்து நின்றாள். பையன் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், குடிப்பழக்கம் இல்லை, பேச்சில் மரியாதை உண்டு. குறை ஒன்றே ஒன்று, அவன் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் பிறந்தவர். இராஜசிங்கத்தின் அப்பாவோ அதே மாதிரி ஒரு தோட்டத்தில் கிராணி, ஆபீஸில் மேசை போட்டு உட்கார்ந்து ரப்பர்ப் பால் எடை குறித்தவர். வெள்ளைக்காரத் துரை போனான், ரப்பர் மரம் போனது, செம்பனை வந்தது, லயங்களை இடித்துத் தாமான் குடியிருப்புகள் கட்டினார்கள். கிராணி வீட்டு நினைப்பு மட்டும் போகாமல் குனோங் ராபாட் வீட்டுக் கூடத்தில் குந்திக்கொண்டிருந்தது. ஐயாவுவும் அவர் மனைவி முத்தம்மாவும் தட்டில் பழமும் பூவும் வைத்துப் பெண் கேட்டு வந்தபோது அது வாயைத் திறந்தது. "லயத்து வீட்டோட எனக்குச் சம்பந்தமா? எம் பொண்ணு போனா போகட்டும். அவ வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்," என்றார் இராஜசிங்கம். முத்தம்மா வைத்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சொன்ன சொல் பிறகு திரும்பி வராது என்பது அவருக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. திரும்பக் கூப்பிடத்தான் தெரியவில்லை.

கல்யாணம் அவர் இல்லாமல் நடந்தது. பவித்ரனுக்கு ஹுத்தான் மெலிந்தாங்கில் வேலை. தெற்கே வெகு தூரம் தள்ளிய ஆற்றோர ஊர், மீன் வாடை, செம்பனை லாரிகள். அங்கேயே வீடெடுத்தார்கள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. தவமணி உறவுக்காரர்களோடு சேர்ந்து போய்ப் பார்த்து வருவாள். அவர் கேட்க மாட்டார், அவளும் சொல்ல மாட்டாள். அடுப்படியில் அவள் மகளோடு போனில் குசுகுசுக்கும்போது இவர் பக்கத்து அறையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னார். வாசலுக்கு முன்னால் போகும் சாலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அது அரசாங்கத்துச் சாலை. இந்தச் சட்ட நுணுக்கத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து சனிக்கிழமை தோறும் "தம்புன் பக்கம் நடந்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஹுத்தான் மெலிந்தாங்குக்குக் காரை விட்டார். போய், மகள் வீட்டுச் சாலையில் மெதுவாக நுழைவார். நிறுத்த மாட்டார். ரஜிதா பெரும்பாலும் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள், முதுகு சாலையைப் பார்த்து இருக்கும், திரும்பமாட்டாள். குழந்தை வளர்ந்து வேலிக் கம்பியைப் பிடித்து நிற்கத் தொடங்கியது. ஒரு நாள் ஏதோ தோன்றி முன்விளக்குகளைத் தூக்கிக் காட்டினார். குழந்தை இரண்டு கையையும் தட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் விளக்கு எழுந்து, பார்த்து, படுக்கும். அவ்வளவுதான் தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அடுத்த சனி எப்போது வரும் என்று இருக்கும்.

மீட்டர் செத்ததும் இந்தப் பயணத்தில்தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் அன்றன்றைய பயணத் தூரம் காட்டும் சின்ன மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது அவருடைய அளவைக்காரப் பழக்கம். தவமணிக்கும் அது தொற்றிக்கொண்டு, காரில் ஏறியதும் அவள் கண் தானாக அங்கே போகும். பக்கத்தில் இருக்கும் தம்புனுக்கு நடக்கப் போன மனிதரின் கார் பாதி பேராக்கைச் சுற்றி வந்திருப்பதை அவள் பார்த்துவிடக் கூடாது. சுழியமாக்கும் பொத்தானைக் காரை நிறுத்திவிட்டுத்தான் அமுக்க வேண்டும், அது அவருக்கும் தெரியும். திரும்பும் வழியில், வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சிம்பாங் பூலாய் நெருங்கும்போது, ஓரமாக ஒதுங்கி நிற்கப் பொறுமை இல்லாமல், ஓட்டிக்கொண்டே அமுக்குவார். போன வருடம் ஒரு சனிக்கிழமை அப்படி அமுக்கியபோது உள்ளே டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்ன எண், பெரிய எண் இரண்டும் அதே இடத்தில் நின்றன.

முதலில் அவருக்கு அது வசதியாகத்தான் இருந்தது. இனி எவ்வளவு தூரம் ஓடினாலும் சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஆனால் நாளாக ஆக, ஓட்டும்போதெல்லாம் அந்த நகராத எண் கண்ணில் குத்தியது. அவ்வளவு தூரம் போகிறார், வருகிறார், எங்கேயும் போகாத மாதிரியே அது காட்டிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் பள்ளி விடுமுறை நெருங்கியபோது அடுப்படிப் போனில் ஒரு வார்த்தை அவர் காதில் விழுந்தது. சபா. பவித்ரனைக் கடல் தாண்டி அங்கே சண்டக்கானுக்கு மாற்றியிருக்கிறார்கள், விடுமுறை முடிவதற்குள் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். "அங்க எல்லாம் எப்பிடிப் பிள்ளை நீ தனியா," என்று தவமணியின் குரல் தழுதழுத்தது. இராஜசிங்கம் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு வெளியே வந்து காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடலுக்கு மேல் கார் ஓடாது. சனிக்கிழமைகள் முடிந்தன. அன்று அவர் காரை இரண்டு தடவை கழுவினார், வேலியைச் சரிசெய்தார், சரியாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டினார், அது ஒழுகத் தொடங்கியது. மகள் போவதற்குள் அந்த வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்த வேண்டும் என்று மனம் சொன்னது. என்ன முகத்தோடு நிறுத்துவது என்று அதே மனம் கேட்டது.

சனிக்கிழமை காலை அவர் ஒரு முடிவுக்கு வந்தார், அல்லது முடிவு மாதிரி ஒன்றுக்கு. மீட்டரைப் பழுது பார்த்தே ஆகவேண்டும். கார் என்றால் எல்லாம் ஒழுங்காக ஓட வேண்டாமா. வேறு காரணம் எதுவும் கிடையாது. இதைத் தவமணியிடம் மூன்று விதமாக விளக்கினார். அவள் "சரி, போங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சிலிபினில் ஐயாவுவின் வீடும் கடையும் ஒன்றுதான். வீட்டு முகப்பில் தகரக் கூரை இறக்கி, அதன் கீழ் மேசை போட்டு, சுற்றிலும் பழைய மீட்டர்கள். ஐயாவு கனத்த உடம்புக்காரர், வாய் ஓயாதவர். வேலை செய்துகொண்டே ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவார். சிவப்புக் கார் வந்து நின்றதும் அந்த வாய் மூடிக்கொண்டது.

"மீட்டர் ஓடல," என்றார் இராஜசிங்கம். வணக்கம் சொல்லத்தான் வந்தார், அதற்குள் இது வந்துவிட்டது.

ஐயாவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "முள்ளு?"

"ஆடுது. நம்பர்தான் நகரல."

"உக்காருங்க சார். கையில வேல இருக்கு."

உட்காரச் சொன்னதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு இல்லை. ஐயாவு ஒரு மோட்டார் சைக்கிள் மீட்டரை எடுத்து நிதானமாகப் பார்த்தார், பிறகு ஒரு லாரி மீட்டரை அதைவிட நிதானமாகப் பார்த்தார். இராஜசிங்கம் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை நடந்தார், வந்தார். கிளம்பிவிடலாமா என்று சாவியை எடுத்தார். எங்கே கிளம்புவது என்று தெரியாமல் திரும்ப வைத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அன்று தன் வீட்டு வாசலில் செருப்பைத் தேடியது அவருக்கு நினைவு வந்தது. ஒருவர்கூட வழியனுப்ப எழுந்து போகவில்லை.

கடைசியில் ஐயாவு காருக்குள் தலையை விட்டு டாஷ்போர்டைக் கழற்றி, மீட்டரை மேசைக்குக் கொண்டுவந்து பிரித்தார். ஊசி முனையால் உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பல் சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஒரு பக்கம் பற்கள் மழுங்கி மாவாக உதிர்ந்திருந்தன.

"ஓடும்போது சீரோ அமுக்கினீங்களா?"

"இல்ல."

"நிக்கிற காருல அமுக்கினா இப்படி ஒடையாது சார். இது ஓடும்போது அமுக்கின பல்லு."

"கை தெரியாம பட்டிருக்கும்."

"படலாம் லா," என்றார் ஐயாவு. ரேடியோவைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

செத்த மீட்டர்களின் சக்கரங்களை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அதைக் கவிழ்த்துக் கிளறி ஒன்றை எடுத்துப் பொருத்தினார், விரலால் சுற்றினார், எண்கள் நகர்ந்தன. "ஆச்சு," என்றார். இராஜசிங்கம் குனிந்து பார்த்தார். பார்த்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரு பல்லு குறையுது, மிஸ்டர் ஐயாவு."

"எத்தன வருசமா இந்த வேல பாக்குறேன் தெரியுமா?"

"அது சரி. ஆனா குறையுது. மாட்டினா ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கொஞ்சமா பொய் சொல்லும்."

ஐயாவு முறைத்தார். சக்கரத்தைக் கழற்றி ஊசியால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார். "ஆமா லா," என்று முனகிவிட்டு டின்னை அவர் பக்கமும் தள்ளினார். இருவரும் மேசைமேல் குனிந்து, தோள் உரச, சக்கரம் சக்கரமாக எடுத்து எண்ணினார்கள். அளப்பதற்கு ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் இராஜசிங்கம் தன் கால் நடப்பதை நிறுத்தியிருந்ததைக் கவனிக்கவில்லை. நடுவில் முத்தம்மா வந்து ஒரு குவளைத் தேநீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதையும் கவனிக்கவில்லை. சரியான சக்கரம் கிடைத்து நிமிர்ந்தபோதுதான் காலிக் குவளை தன் கையில் இருப்பதைப் பார்த்தார். கை நனைக்க மாட்டேன் என்று நினைத்திருந்த வீட்டில் கடைசிச் சொட்டு வரை குடித்தாயிற்று. இஞ்சி தட்டிப் போட்ட நல்ல தேநீர்.

ஐயாவு மீட்டரை மூடவில்லை. "நம்பர எங்க வைக்கணும்?" என்று கேட்டார்.

"புரியல."

"நின்ன நம்பர்லயே விடவா, இல்ல ஓடினத கூட்டவா? வண்டிய விக்கிறவன் கொறைக்கச் சொல்லுவான், அவன கடைய விட்டே அனுப்பிருவேன். மீட்டர் செத்த பெறகு வண்டி சும்மா நின்னிருந்தா அதே நம்பர். ஓடியிருந்தா, ஓடினத சொன்னா கூட்டி வைப்பேன். அப்பதான் அது நெசமான மீட்டர்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இராஜசிங்கம் தன் உத்தியோகத்தில் ஓர் அளவைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை. கறுப்பை வெள்ளை என்பார், தப்பைச் சரி என்று சாதிப்பார், தூரத்தை மட்டும் மாற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. மேற்கூரையைப் பார்த்து உதட்டுக்குள் கணக்குப் போட்டார். போய்வர ஒரு தூரம், அதைச் சனிக்கிழமைகளால் பெருக்கி, தீபாவளிக்கு விட்டுப்போனதையும் காய்ச்சலில் கிடந்ததையும் கழித்து, கடைக்கும் கோயிலுக்கும் போனதைச் சேர்த்து, ஒரு பெரிய எண்ணைச் சொன்னார்.

ஐயாவுவின் கை நின்றது. "ஈப்போவையே சுத்தினா இவ்வளவு வராது சார்."

"தம்புன்ல நடக்கப் போவேன்."

"தம்புன் இங்கதான் இருக்கு."

முத்தம்மா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இராஜசிங்கம் பிஸ்கட் டின்னின் மூடியை எடுத்து மூடினார், திறந்தார், மூடினார். ஐயாவு அதற்குமேல் கேட்கவில்லை. ஊசியால் எண் சக்கரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, அவர் சொன்ன எண்ணிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். அத்தனை சனிக்கிழமைகளும் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்தன. பிறகு மீட்டரைக் காரில் பூட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஓட்டிப் பாக்கணும். கிலோமீட்டர் கல்லு உள்ள ரோடா போங்க. நானும் வாரேன்."

முன்சீட்டுக்குள் அந்தக் கனத்த உடம்பை நுழைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தெற்கே போகும் பழைய சாலையில் கார் ஏறியது. கோப்பெங் தாண்டும்போது கல்லுக்குக் கல் எண் சரியாக விழுந்தது, ஐயாவு விரலால் தொடையில் தட்டிக் கணக்கு வைத்துக்கொண்டார். சோதனை முடிந்தது, திரும்பலாம் என்று அவர் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. திரும்பவா என்று இவர் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கம்பார் வந்தது, போனது. இரண்டு பக்கமும் செம்பனை.

"நான் அங்க போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இராஜசிங்கம் கடைசியில் கேட்டார்.

"பாப்பா போன்ல சொல்லும் சார். கண்ணு முழிக்கிற காரு வந்துச்சு தாத்தா, முழிச்சு பாத்துச்சு, போயிருச்சுன்னு. இந்தப் பேராக்ல அந்த மாதிரி காரு எத்தன இருக்கு?"

"ரஜிதாவுக்கு?"

ஐயாவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சனிக்கெழம சனிக்கெழம மத்தியானம், மழ தூறினாலும் துணி காயப்போடுற பொண்ணு அந்த ஊர்லயே அது ஒண்ணுதான். உங்களுக்கு மொகத்த காட்டினா வராம போயிருவீங்கன்னு முதுக காட்டிக்கிட்டு நிக்கும்."

எத்தனை சனிக்கிழமை இராஜசிங்கம் அந்த முதுகைப் பார்த்து, இன்னும் கோபம் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறார். அழுகையை விழுங்கிக்கொண்டு காரை ஓட்டினார். வேகமாக ஓட்டினார், முன்னால் போன லாரிகளை எல்லாம் முந்தினார், ஐயாவு கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு," என்றார் தாப்பாவைத் தாண்டும்போது.

"எங்கிட்ட சொல்லாதீங்க. தட்ட தூக்கிட்டு வந்தது முத்தம்மா. அவகிட்ட சொல்லுங்க," என்றார் ஐயாவு. குரலில் சூடு இருந்தது, இத்தனை வருடத்துச் சூடு. கொஞ்ச தூரம் போனதும், "பீடோர்ல நிறுத்துங்க. புள்ள இருக்கிற வீட்டுக்குக் கைய வீசிக்கிட்டா போறது?" என்றும் அவரே சொன்னார்.

பீடோரில் சாலையோரக் கடையில் கொய்யா வாங்கினார்கள். யார் வாங்கிக் கொடுப்பது என்று இருவரும் கடைக்காரப் பெண்ணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டார்கள். இராஜசிங்கம் ஒதுங்கி நின்று வீட்டுக்குப் போன் போட்டார். வரத் தாமதமாகும், மீட்டரைச் சோதித்துப் பார்க்கிறோம் என்றார்.

"ரஜிதாட்டச் சொல்லுங்கோ, நான் நாளைக்கு வாறன் எண்டு," என்றாள் தவமணி.

"நான் எங்க போறேன்னு உனக்கு எப்படி…"

"இண்டைக்குச் சனிக்கிழமையெல்லோ," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இத்தனை காலம் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம் எல்லாருக்கும் தெரியும் என்பதை அறியாத ஆள் தான் ஒருவர்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு நல்ல சக்கரத்தின் பல்லை வீணாக உடைத்திருக்கிறார்.

தெலுக் இந்தான் தாண்டி ஹுத்தான் மெலிந்தாங்குக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வழக்கமான நேரம் தப்பிவிட்டது. மகள் வீட்டுச் சாலையில் காரை மெதுவாக விட்டார். முகப்பில் அட்டைப் பெட்டிகள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. கொடியில் துணி இல்லை. வேலிக்கு உள்ளே குழந்தை மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இராஜசிங்கத்தின் கை தானாகப் பொத்தானைத் தட்டியது. விளக்குகள் எழுந்தன. குழந்தை கை தட்டியது. கால் பழக்கத்தில் முடுக்கியை அழுத்தப் பார்த்தது. அதை எடுத்துப் பிரேக்கில் வைக்க அவருக்கு இருந்த பலம் எல்லாம் வேண்டியிருந்தது.

கார் நின்றது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

குழந்தையின் கைகள் அப்படியே நின்றன. அது பார்த்த கார் ஒரு நாளும் நின்றதில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, வாசல் கம்பிக் கதவுக்கு வந்து, முன்சீட்டில் இருந்த ஐயாவுவை அடையாளம் கண்டுகொண்டது. உள்ளேயிருந்து ரஜிதா வந்தாள். கையில் பெட்டி ஒட்டும் டேப். அப்பாவைப் பார்த்ததும் அவள் அங்கேயே நின்றுவிட்டாள், பக்கத்தில் வரவில்லை. பயந்துவிடும் என்று நினைத்துப் பறவைக்குப் பக்கத்தில் போகாமல் நிற்பார்களே, அப்படி.

"தாத்தா," என்று குழந்தை ஐயாவுவிடம் கேட்டது, "காரு கெட்டுப் போச்சா?"

ரேடியோவோடு நாள் முழுக்கச் சண்டை போடும் மனிதர், தன் மடியில் இருந்த கொய்யாப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியது இராஜசிங்கம்தான்.

"கெட்டுத்தான் கெடந்துச்சு," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "உன் தாத்தா இன்னைக்குச் சரி பண்ணிட்டாரு."

குழந்தை அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்குக் கணக்கு உதைத்தது.

"சரி பண்ணியாச்சுன்னா, அப்புறம் ஏன் நிக்குது?"

இராஜசிங்கம் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"நான் எறங்கத்தான்," என்றார், கதவைத் திறந்தார்.